கியூசி அண்ணே பாஸ் போட்ட படம்

டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியில் வயசுப் பிள்ளைகளைப் பெற்ற அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் சோபாவிலிருந்து எழுப்பிச் சமையலறைக்கு ஓடவைக்கும் சக்தி, இந்தப் பினாங்குத் தீவில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. பெரிய மந்திரியே வந்து சொல்லியிருந்தாலும் நாங்கள் அசைந்திருக்க மாட்டோம். கியூசி அண்ணே சொன்னால் எழுந்து ஓடினோம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. தபால்காரருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் கியூசி அண்ணே. பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு ஃபேக்டரியில் சர்க்யூட் பலகைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தரம் சொல்லும் குவாலிட்டி கன்ட்ரோல் வேலை, சுருக்கமாகக் 'கியூசி'. பலகை சரியாக இருந்தால் 'பாஸ்'. உருப்படாது என்றால் 'ரிஜெக்ட்'. கொஞ்சம் சரிபண்ணினால் தேறும் என்றால் 'ரீவொர்க்'. இந்த மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டே மனிதர் உலகத்தை நடத்தினார். பசாரில் கத்தரிக்காய் வாங்கினாலும் அப்படித்தான். மனைவி செல்வி அக்கா வைத்த ரசத்தை ஒருநாள் 'ரீவொர்க்' என்று சொல்லிவிட்டு, அன்று மதியம் கீழே நாசி கண்டார் சோற்றுக் கடையில் தனியாக உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன்.

அவர் அடுத்த வீடு, நான் இந்த வீடு. இரண்டு வீட்டிலும் ஒரு பெண், ஒரு பையன். நான்கும் முறுக்கிக்கொள்ளும் வயசு. அந்த வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடும்பமாக டிவி பார்ப்பது எவ்வளவு பெரிய பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று போட்டிருந்தார்களே என்று ஒரு படம் வைத்தேன். இடைவேளைக்குள் ஊரில் பாதிப் பேரை வெட்டிவிட்டார்கள். சரி, சீரியல் என்று போனால் மருமகள் மாமியாரின் பாலில் விஷம் கலக்கிறாள். என் மாமியார் அன்றைக்குப் பார்த்து எங்கள் வீட்டில் பால் குடித்துக்கொண்டிருந்தார். கொரியத் தொடர் போட்டால் என் வீட்டுக்காரர் கீழே வரும் எழுத்தையெல்லாம் சத்தம் போட்டு வாசிப்பார். கடைசியில் இது ஒன்றுதான் பத்திரம் என்று காட்டு விலங்குகளைப் பற்றிய படம் வைத்தேன். ஆண் சிங்கம் பெண் சிங்கத்தின் பக்கம் மெதுவாக நடந்து வந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே பார்த்தோம்.

"இந்த ஃபேன்ல ரொம்ப தூசி இல்ல?" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் நடைபாதையில் துணி காயப்போடும்போது கியூசி அண்ணனிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் அதிர்ந்துபோய்விட்டார். சிங்கத்துக்காக அல்ல.

"என்னாம்மா, செக் பண்ணாமலா வீட்டுக்குள்ள விட்டீங்க? ஃபேக்டரியில பொடி அளவு சாமான்கூட செக் பண்ணாம வெளிய போவாது. ஒரு முழுப் படத்தை அப்படியே பிள்ளைங்க முன்னால வைக்கிறீங்களே, நல்லா இருக்கு லா!"

அவர் வீட்டு ஏற்பாடு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வருவார். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள். யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்து, சனிக்கிழமை மாலை போடவேண்டிய படத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டுத்தான் தூங்கப்போவார். எங்கள் சிங்கக் கதையைக் கேட்ட பிறகு பரோபகாரம் பொங்கிவிட்டது. அடுக்குமாடியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் குரல் செய்தி வர ஆரம்பித்தது.

"வணக்கம், கியூசி பேசுறேன். இந்த வாரம் அந்தப் போலீஸ் படம். ரீவொர்க். சண்டை இருக்கு, பரவால்ல, ரத்தம் ரோஸ் சிரப்பு மாரிதான் இருக்கு. ஆனா ஹீரோயினி குடையை மடக்கினா அம்மாமாரு உசாரு. உடனே அடுப்படிக்குப் போய் மூடியக் கீழ போடுங்க. பிள்ளைங்க திரும்பிப் பார்க்கும், அதுக்குள்ள சீன் முடிஞ்சிரும். அப்பாமாரு இருமாதீங்க. போன வாரம் எல்லாரும் இருமி, பசங்க கண்டுபிடிச்சிடுச்சுங்க."

எல்லார் வீட்டிலும் எட்டு மணிக்குப் படம். எல்லார் வீட்டிலும் அந்தப் பெண் ஒரே நேரத்தில் குடையை மடக்கினாள். மாடிக்கு மாடி மூடி விழுந்தது. கீழ்வீட்டுச் சீன ஆன்டி இரவு உடையோடு ஓடிவந்து, நிலநடுக்கமா என்று மலாயில் கேட்டார். சினிமாதான் ஆன்டி என்று சொல்லி அனுப்பிவைத்தேன். திரும்பி வந்தபோது என் மகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சீன் முடிஞ்சிடுச்சும்மா, உக்காருங்க" என்றான்.

அண்ணன் வீட்டில் மூடி போடும் பழக்கம் கிடையாது. அவரே நேரடியாகக் களத்தில் இறங்குவார். ஆபத்தான கட்டம் நெருங்கினால் போர்வையை எடுத்துவந்து டிவிக்கு முன்னால் நின்று, ஏதோ அப்போதுதான் மடிக்க நேரம் கிடைத்தது போல மடிப்பார். ஆள் ஒல்லி. போர்வையைப் பாதி மடித்ததும் இரண்டு பக்கமும் படம் தெரியும். அவர் மகன் தினேஷ் ஒருநாள் பொறுமையிழந்து, "அப்பா, டிவி ஐம்பத்தஞ்சு இஞ்ச். நீங்க முப்பத்திரண்டுதான்" என்றான்.

அவர் இல்லாத நேரத்தில் யாரும் டிவியைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக ரிமோட் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். டிவியின் பின்னால் ஒரு பட்டன் இருப்பது ஆரம்பப் பள்ளியிலேயே தினேஷுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். தண்ணீர்மலைக் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, அர்ச்சனைக்கு நிற்கும்போது அவர் போன் அடித்தது. பையில் கைவிட்டு ரிமோட்டை எடுத்துக் காதில் வைத்து, "ஹலோ, கோயில்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லித் திரும்பப் பையில் போட்டார். போன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. குருக்கள்கூடச் சிரித்துவிட்டார்.

இவ்வளவு எதற்கு என்று எனக்கே ஒரு கட்டத்தில் எரிச்சல் வந்தது. "அண்ணே, இதுங்க போன்ல பார்க்காததா? நம்ம மூடியப் போட்டு என்னா ஆவப்போவுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தெரியும்மா. எனக்கு மட்டும் தெரியாதா? போன்ல பார்க்கிறது தனியா பார்க்கிறது. நான் ஷிப்டு மாறி மாறிப் போறவன். பொண்ணு வளர்ந்ததையே பாதித் தூக்கத்துலதான் பார்த்தேன். சனிக்கிழமை ஒரு படம் முடியிற வரைக்கும் நாலு பேரும் ஒரே சோபாவுல இருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டு ஒண்ணு எந்திரிச்சு ரூமுக்குப் போச்சுன்னா, அது திரும்பி வராது லா. கதவு சாத்திடும். அதான்."

அதற்கப்புறம் நான் மூடியை ஒழுங்காகப் போட்டேன்.

அந்த வருஷம் அவர் மகள் யாழினி பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவத்தை முடித்தாள். கெட்டிக்காரி. சபாவில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பினாங்கிலிருந்து சபாவுக்குக் கடல் தாண்டிப் பறக்க வேண்டும். அண்ணன் அடுக்குமாடி முழுக்க லட்டு கொடுத்தார். எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினார். ஆனால் அதற்கடுத்த வாரத்திலிருந்து அவருடைய தரப் பரிசோதனையில் ஏதோ கோளாறு.

பூனைக்குட்டி கார்ட்டூன் ஒன்று வந்திருந்தது. பால்குடிப் பிள்ளைகூடப் பார்க்கலாம். குரல் செய்தி வந்தது: "ரிஜெக்ட்." காரணம் இல்லை. நான் நேராகப் போய்க் கதவைத் தட்டினேன்.

"பூனைக்குட்டி என்னா அண்ணே செஞ்சது?"

"கடைசியில வேற வீட்டுக்குப் போவுதும்மா."

அடுத்த வாரம் சமையல் போட்டி. அதுவும் ரிஜெக்ட். ஜெயிக்கிற பெண் வீட்டை நினைத்து அழுகிறாளாம். அதற்கடுத்த வாரம் சிரிப்புப் பேய்ப் படம். பேய்க்கு அவர் எப்போதும் தாராளமாகப் பாஸ் போடுவார். பேய்கள் ஒழுக்கமாக இருக்கும் என்பது அவர் கட்சி. அதையும் ரிஜெக்ட் என்றார். குழுவில் பெற்றோர்கள் கொதித்தார்கள். நான் மறுபடி போய் நின்றேன்.

"பேய்க்கு என்னா அண்ணே கேடு?"

அவர் தலை குனிந்துகொண்டார். "அது ஹாஸ்டல்ல இருக்கும்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், கதவைச் சாத்தியதும் அழுதுவிட்டேன். முத்தமும் ரத்தமும் இனி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. படத்தில் யாராவது ஒரு சூட்கேஸை இழுத்தால் போதும், மனிதர் தாங்கமாட்டார்.

யாழினி ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். முந்தின நாள் மாலை கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் பக்கத்து வீட்டுக்குப் போனோம். டிவி இருட்டாக இருந்தது. சோபாவில் அவர்கள் நான்கு பேரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தினேஷின் கை போனுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. பெட்டி கட்டுவதில் இன்னும் பாதி பாக்கி என்று யாழினி மெதுவாகச் சொன்னாள். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பயம் இருந்தது.

"வாரம் பூரா பார்த்துட்டேம்மா. ஒண்ணுமே தேறல."

யாழினி கையை நீட்டினாள். "ரிமோட்டைக் குடுங்கப்பா."

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் அது அதற்கு முன் நடந்ததே இல்லை. செல்வி அக்கா வாயைத் திறந்தவர் மூடவில்லை. யாழினி பட்டனைத் தட்டினாள். பேட்மிண்டன். நம் நாட்டு ஆண்கள் இரட்டையர், இறுதி ஆட்டம்.

"இது லைவா?" அண்ணன் பதறி எழுந்தார். "லைவ்னா எப்படிச் செக் பண்றது? என்னா வரும்னு யாருக்குத் தெரியும்?"

"பந்துதான்ப்பா வரும்."

"வேர்த்தா சட்டையக் கழட்டுவானுங்கடி!"

"உக்காருங்கப்பா" என்று அவரை இழுத்து உட்காரவைத்தாள்.

முதல் செட் போய்விட்டது. சட்டையும் கழற்றினார்கள். அண்ணன் கவனிக்கவே இல்லை, நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது செட்டில் செல்வி அக்கா தண்ணீர்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். மூன்றாவதில் என் வீட்டுக்காரர் கேசரித் தட்டோடு எழுந்து நின்றுவிட்டார். ஒவ்வொரு புள்ளிக்கும் நாங்கள் கத்திய கத்தலில் கீழ்வீட்டு ஆன்டி மேலே வந்தார். இந்தத் தடவை எதுவும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஜெயித்தோம். பையன்களில் ஒருவன் மட்டையை வீசிவிட்டு, தடுப்பைத் தாண்டி ஓடினான். அங்கே அவன் அம்மா நின்றிருந்தார். அவ்வளவு பெரிய ஆள், அந்த அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். கேமராக்காரர் வேறெங்கும் நகர்வதாகத் தெரியவில்லை.

இப்படி ஒரு கட்டம் வரும் என்று யாரும் செக் பண்ணியிருக்கவில்லை. அண்ணன் பாதி எழுந்தார். யாழினி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"மறைக்குதுப்பா. உக்காருங்க."

உட்கார்ந்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளும் அழுதாள், சட்டையை விடவில்லை. தினேஷ் போனைக் குப்புறப் போட்டுவிட்டு அக்காவின் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டான். பரிசு கொடுத்து, கொடி ஏறி, விளம்பரமே வந்துவிட்டது. அந்த சோபாவிலிருந்து ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை குழுவில் குரல் செய்தி வரவில்லை. மதியம் எட்டிப் பார்த்தேன். யாழினி உட்காரும் ஓரத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் போன் அடித்தது. வீடியோவில் யாழினி.

"அப்பா, இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கப் போறோம். எப்படிப்பட்ட படம்னு தெரியலப்பா. கொஞ்சம் செக் பண்ணிச் சொல்றீங்களா?"

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை மணிக்குப் போடுறாங்க? எட்டா? படம் பேரைச் சொல்லு. நான் பாஸ் போடாம யாரையும் போட விடாத!" என்று படபடவென்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "வேலை இருக்கும்மா" என்றார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். மாலையில் சுவர் வழியாகவே அவர் குரல் கேட்டது. "ரீவொர்க்கும்மா. மழை பெய்ஞ்சா நீ எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வா." "சரிப்பா" என்று ஒரு சின்னக் குரல்.

இப்போது அவர்கள் சுங்கை பாக்காப்பில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாழினி இன்னமும் சனிக்கிழமை தவறாமல் கேட்கிறாள், அவரும் இன்னமும் பார்த்துச் சொல்கிறார்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு அவள் கேட்ட அந்தப் படத்தை அவளும் என் மகளும் பள்ளி விடுமுறையிலேயே எங்கள் வீட்டில் உட்கார்ந்து, மழைக் கட்டத்தோடு சேர்த்துப் பார்த்து முடித்துவிட்டார்கள். வசனம்கூட மனப்பாடம் என்று என் மகள் பிற்பாடு சொன்னாள். இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கு வருவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சுங்கை பாக்காப் பக்கம் போனால், சட்டைப்பையில் ரிமோட்டோடு ஒருவரைப் பார்த்தால், நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அவர் பொண்ணுக்காகப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிம்மதியாகப் பார்க்கட்டும்.