மூணுதரம் இல்லாத மீனை ஏலம் விட்ட காலை

எங்கள் கரையில் கடலைவிடச் சத்தமானவர் ஒருவர்தான். மீன் ஏலம் விடுகிற மூணுதரம். பிள்ளைகளே, இதில் பொய் கொஞ்சம்தான். அவர் கரையில் நின்று 'ஒரு தரம்' என்றால், சீர்காழி பஸ்ஸில் தூங்குகிறவர் விழித்து டிக்கெட்டைத் தேடுவார்.

டீக்கடையிலும் "டீ ஒரு தரம், டீ ரெண்டு தரம்" என்பார். மூன்றாவதற்குள் கிளாஸ் கைக்கு வந்துவிட வேண்டும். தனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "சம்மதமா, ஒரு தரம்" என்று ஆரம்பித்தாராம். ரெண்டாம் தரத்திலேயே பெண்ணின் அப்பா தலையாட்டிவிட்டார்.

இந்த வருஷம் பங்குனி பிறந்தும் பனி விடவில்லை. டாக்டர், "இந்தப் பனியில கத்துனா குரல் போயிடும்" என்று பயமுறுத்தியிருந்தார். மனிதர் குரங்குக் குல்லா போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டார். ஏலம் தவிர வேறெதற்கும் வாய் திறக்கவில்லை. வணக்கம் சொன்னால் இருமுவார்.

ஒருநாள் விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. எல்லாப் படகும் வந்துவிட்டன. என் தம்பி செல்வம் போன ஃபைபர் போட்டை மட்டும் காணோம். போன் எடுக்கவில்லை. கோயில் மைக்குக்குக் கரண்ட் இல்லை. வழி தப்பினால், கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கிற கருங்கல்லில் மோதி போட் பிளந்துவிடும். மாறி மாறிக் கூப்பிட்டோம். பத்தடி போய் எங்கள் குரல் உட்கார்ந்துவிட்டது. செல்வத்தின் மனைவி மல்லிகா சேலை நனைவது தெரியாமல் தண்ணீரில் நின்றாள்.

மூணுதரம் குல்லாவைக் கழற்றினார். துண்டை அவிழ்த்தார்.

"செல்வம் வலை வஞ்சிரம். கிலோ நூறு ரூபா, ஒரு தரம்."

"ஆளையே காணோம், மீனை ஏலம் விடுறீங்களேண்ணே" என்று மல்லிகா அழுதாள்.

"சும்மா இரும்மா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நின்னு யோசிப்பான். மீனை மலிவா விட்டா ஓடியாருவான்." கடல் பக்கம் திரும்பினார். "தொண்ணூறு ரூபா, ஒரு தரம். ரெண்டு தரம்."

எண்பது, எழுபது என்று இறங்கினார். குரல் கரகரத்தது. ஐம்பதில் உடைந்தது. நிறுத்தவில்லை.

"நாப்பது ரூபா, ஒரு தரம்."

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "யோவ் மூணுதரம், என் மீனை எவன்யா நாப்பதுக்குக் கேட்டான்?"

அந்தப் பட்டப்பெயரை அவர் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு முகம்தான் தெரியவில்லையே.

"வடக்கால கல்லு கிடக்குடா. தெக்கால திருப்பிக்கிட்டு வந்து கேளு. முப்பது ரூபா, ஒரு தரம்."

போட் மணலைத் தொடும்வரை ஏலம் ஓயவில்லை. செல்வம் சண்டைக்கென்றே குதித்தான். மல்லிகா அவன் சட்டையைப் பிடித்தவள், விடவே இல்லை. இவ்வளவுக்கும் வலையில் வஞ்சிரமே இல்லை. ஒரு கூடை மத்திதான்.

மறுநாள் ஏலத்துக்கு வந்த மூணுதரத்திடம் குரல் இல்லை, வெறும் காற்றுதான் வந்தது. இரைச்சலுக்குப் பேர்போன எங்கள் கரை, வாயை மூடிக்கொண்டு அவரையே பார்த்தது. அலைச் சத்தம் கேட்டது. 'ஒரு தரம்' என்று உதடு அசைந்தது. பிறகு 'ரெண்டு தரம்'. இருமல் வந்து, அதற்குமேல் முடியாமல் நின்றார்.

"மூணு தரம்" என்றோம், எல்லோரும் சேர்ந்து.