இல்லாத இடுப்பு வலி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். எந்த அளவுக்கு நலம் என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ விழிக்க வேண்டாம். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். அதனால்தான் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சமையலறை மேடையில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். எனக்கு இடுப்பு வலி கிடையாது. போன வாரம் நீ அக்கறையாக விசாரித்தபோது, "இப்ப பரவாயில்லப்பா" என்று முனகினேனே, அது சுத்தப் பொய். முதலிலிருந்தே கிடையாது. நீ பாட்டுக்கு ஸ்கேன், மருந்து என்று அத்தானிடம் போனில் ஆரம்பித்துவிடாதே என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

அத்தானுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீதான் கூட இருந்தாய். "தினமும் நடங்க, யோகா மாதிரி லேசா ஏதாவது பண்ணுங்க, பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா ஜாக்கிரதை" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவர் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். துறைமுகத்தில் அத்தனை உயரக் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்புப் பெட்டிகளைப் பூப்போலத் தூக்கி இறக்கிய மனிதர், வீட்டுக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர்தான். கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்கக்கூடப் பயம். கேட்டால் "எதுக்கு வம்பு" என்பார். நீ ஆசையாக அனுப்பிய யோகாப் பாயைப் பிரிக்காமலே பீரோவுக்குப் பின்னால் சாத்திவிட்டார். என் கண்ணெதிரே அவர் நாற்காலிக்கு ஐந்தாவது கால் மாதிரி ஆகிக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே, "இடுப்பு வலின்னு டாக்டர்கிட்ட போனேன். யோகா பண்ணச் சொல்றாரு. தனியாப் பண்ணா விழுந்துடுவேனாம், பக்கத்துல ஒரு ஆள் நின்னு பிடிச்சுக்கணுமாம்" என்று அளந்துவிட்டேன். தனக்காக எழுந்திருக்காத மனிதர், எனக்காக எழுந்து போய்ப் பாயை எடுத்து வந்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. அந்தப் பாய் விரித்தால் சுருண்டுகொள்ளும்; ஒரு முனையில் அரிசி டப்பாவையும் மறு முனையில் உன் அத்தானையும் வைத்தால்தான் அடங்கும். போன் வீடியோவில் யோகா சொல்லித்தரும் பெண், குழந்தையைத் தூங்க வைப்பது போலப் பேசுகிறாள், எங்களுக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. உடனே இவர் அவளை நிறுத்திவிட்டுத் தானே மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தார். எப்படி? சரக்கு இறக்குகிறவர்களுக்குக் கை காட்டுவது போல. விரலை மேலே சுழற்றினால் நான் காலைத் தூக்க வேண்டும். உள்ளங்கையைக் கீழே காட்டினால் இறக்க வேண்டும். கையை முறுக்கிப் பிடித்தால் அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். "ஆடாத, லோடு ஆடக்கூடாது" என்று அதட்டல் வேறு. கட்டின மனைவியை லோடு என்கிறார், தம்பி. அதோடு விட்டாரா? மூச்சுப் பயிற்சி என்று உட்கார வைத்து, கூண்டிலிருந்து கீழே இருப்பவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில், "இழு, இழு, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், விடு, விடு" என்று கத்தியதில் பிரசவம் பார்க்கிற கீழ்வீட்டு நர்ஸம்மா கையுறையோடு மாடி ஏறி ஓடி வந்துவிட்டார். கதவைத் திறந்ததும், "யாருக்கு வலி, எவ்வளவு நேரமா?" என்று கேட்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று அவரும் குனிந்தார், நிமிர்ந்தார். முதலில் முழங்கால்வரை போன கை, பிறகு கணுக்கால்வரை போனது. பாம்பு மாதிரி படுத்துத் தலையைத் தூக்கியவர், சோபாவுக்கு அடியில் காணாமல் போயிருந்த டிவி ரிமோட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். ஒற்றைக் காலில் நிற்கிற ஆசனத்தில் நான் தள்ளாடினால் அவர் என்னைப் பிடிப்பார், அவர் தள்ளாடினால் நான் பிடிப்பேன், இருவரும் சேர்ந்து தள்ளாடினால் பீரோ பிடிக்கும். கல்யாண போட்டோவில்கூட நாங்கள் இப்படிக் கை கோத்து நின்றதில்லை.

கடைசியில் கண்ணை மூடி மல்லாந்து படுக்கிற ஆசனம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரை இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "படுக்கிற ஆசனம்" என்றுதான் சொல்ல வேண்டும். அவர் அதில் அப்படியே தூங்கிவிடுவார். நான் படுப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். போன வாரம் அப்படி இருந்தபோது தண்ணீர் கேன் போடுகிறவர் திறந்த கதவு வழியாக வந்தார். எங்களைப் பார்த்ததும் கேனைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "எப்பம்மா ஆச்சு? நேத்துகூட ஜன்னல்ல பார்த்தேனே" என்றார். உன் அத்தான் கண்ணைத் திறக்காமலே, "காலி கேன் பின்னாடி இருக்கு, எடுத்துக்கப்பா" என்றார். அந்த மனிதர் காலி கேனை எடுக்காமலே போய்விட்டார். நான் சிரிக்க ஆரம்பித்தேன், எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. "இடுப்பு ரொம்ப வலிக்குதா?" என்று அத்தான் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆகவே தம்பி, ரகசியம் ரகசியமாகவே இருக்கட்டும். உண்மை தெரிந்தால் மறுபடியும் நாற்காலிக்குப் போய்விடுவார். நீ கேட்டால் இடுப்பைப் பற்றி மட்டும் கேள், அதுவும் வருத்தமான குரலில் கேள். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு, வளர்ந்து, யாரிடமும் பொய் சொல்லாமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
எந்த வலியும் இல்லாத உன் அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் வீண். உறை தேடப் போன இடைவெளியில் அவர் வந்து முழுதும் படித்துவிட்டார். ஈரத் தலையோடு நின்றுகொண்டு, "இது எனக்கு முதல் நாளே தெரியும்" என்கிறார். நான் பொய் சொன்ன அன்றே டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டாராம். "உங்க வீட்டம்மா என்கிட்ட வரவே இல்லையே" என்றாராம் அவர். "தெரிஞ்சும் ஏன் பண்ணீங்க?" என்றேன். "ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுலேர்ந்து நீ என்னையே பார்த்துட்டிருந்தே. சாப்பிட்டா பார்க்கிறே, இருமினா பார்க்கிறே. ஒத்தக் கால்ல நிக்கும்போது மட்டும்தான் விழுந்துடுவோம்னு உன் காலைப் பார்த்தே. அந்த நேரமாவது நீ நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்" என்றார். "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லு" என்றார். சொன்னேன். "எனக்கும்தான்" என்றார். இத்தனை மாதமாக அவரைத் தெருமுனைக்குக்கூட நான் தனியாக அனுப்பியதில்லை. இந்தக் கடிதத்தைத் தானே போய்த் தபாலில் போட்டுவிட்டு வருகிறாராம். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். சரி, போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டேன். ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன்.