தாமரைப் படம் வராத காலை

ஜியாயி, தைவான்,
செவ்வாய்க்கிழமை

பாசமுள்ள மகள் ஷு-யுனுக்கு,

உன் அப்பா லியூ வான்-ஃபா இங்கே நலம். ரத்த அழுத்தம் நலம், பூனையும் நலம். நீ நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். நீ என்னோடு பேசி நாலு மாதம் ஆகிறது. "அந்தக் கணக்கை மூடுற வரைக்கும் என் முகத்துல முழிக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, போன வாரம் மூடிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் செய்தது தப்புதான். உன் கல்யாணம் நின்றுபோன அதே வாரத்தில், சோபாவில் வாயைத் திறந்தபடி தூங்கிய உன்னைப் படம் எடுத்து, 'என் மகள் மறுபடியும் தனி ஆள், நல்ல பையன் இருந்தால் சொல்லவும்' என்று உன் போன் நம்பரோடு அந்த வலைத்தளக் கணக்கில் ஊரே பார்க்கப் போட்டேன். நூற்றுப் பதினெட்டுப் பேர் இதயம் போட்டார்கள், நானும் பூரித்துப்போனேன். நீ நம்பரை மாற்றினாய், வீட்டையும் மாற்றினாய். என் மகள்தானே, அவள் முகமும் என்னுடையதுதானே என்று நினைத்துவிட்டேன் அம்மா. உன் முகம் உன்னுடையது. இது புரிய எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகியிருக்கிறது.

மூடுவதாவது லேசில் நடந்ததா? 'நிச்சயமாகவா?' என்று அந்தத் திரை ஐந்து தடவை கேட்டது, என்னைக் கட்டிக்கொள்ளும்முன் உன் அம்மாகூட இத்தனை தடவை யோசிக்கவில்லை. போன் கடைப் பெண் கடவுச்சொல் கேட்டாள், எனக்குக் காது மந்தம், அவள் கத்தினாள், நானும் கத்தினேன். "அங்கிள், மெதுவா சொல்லுங்க, ரகசியம்!" என்றாள். அது உன் பிறந்த தேதி. உனக்கு முப்பத்தாறு வயது என்பது இப்போது அந்தக் கடைக்கே தெரியும், மன்னித்துக்கொள்.

மறுநாள்தான் கூத்து. ஒன்பது வருடமாகத் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு 'காலை வணக்கம், வெந்நீர் குடியுங்கள்' என்று தாமரைப் படம் அனுப்புகிறவன் நான். அன்றைக்குப் படம் வரவில்லை. ஆறரைக்கு எதிர்வீட்டு சாய் அக்கா கதவைத் தட்டியிருக்கிறாள், நான் குளியலறையில், காது கேட்கவில்லை. அவள் வார்டு தலைவரிடம் ஓட, அவர் தெரு ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். "மூணாவது மாடி லியூ ஐயாவை யாராச்சும் பாத்தீங்களா? தாமரை வரல!" அது மட்டும் என் காதில் விழுந்தது. ஜன்னலைத் திறந்து, "உயிரோடதான்யா இருக்கேன்! மூணு நாளா வெளிக்குப் போகல, உள்ள உக்காந்திருக்கேன்!" என்று கத்தினேன். "அப்போ தாமரை?" என்று தலைவர் அதிலேயே கேட்டார். "கணக்கை மூடிட்டேன்! என் வீட்டு விஷயம் ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு! மக பேச மாட்டேங்குறா!" நல்ல மனுஷன், கவலைப்பட்டவர்களுக்குச் சேதி சொல்ல வேண்டாமா? ஒலிபெருக்கியிலேயே சொன்னார்: "பயப்பட வேணாம். லியூ ஐயாவுக்கு மூணு நாளா மலச்சிக்கல்தான். மக பேசாததால கணக்கை மூடிட்டாரு. இந்த விஷயம் ரகசியமா இருக்கணுமாம், யாரும் பேசிக்காதீங்க."

மதியத்துக்குள் வீட்டில் ஒன்பது பப்பாளிப் பழம். முன்பெல்லாம் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போனவர்கள் இப்போது நேரில் வந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். எல்லோரும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். நான் பப்பாளியை நறுக்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறேன் மகளே. அவர்கள் போனபிறகு வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

நிலாப் பண்டிகைக்கு நீ வர வேண்டும். மாடியில் கரி அடுப்பு வைத்து, உனக்குப் பிடித்த கணவாய் மீன் சுடுவோம். போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறேன். பொமெலோ பழத்தின் தோலை வழக்கம்போல் தொப்பியாக உன் தலையில் கவிழ்த்தாலும் படம் எடுக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே. எந்தக் காய்ச்சலும் உன்னை அண்டாமல், எந்த மேலதிகாரியும் உன்னை வாட்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
லியூ வான்-ஃபா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டதால் இதை உறையின் பின்பக்கம் எழுதுகிறேன். தபால்காரரே, தயவுசெய்து படிக்காதீர்கள். மகளே, உன் புது விலாசம் என்னிடம் இல்லை என்பது ஒட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. முப்பது நாளுக்குள் திரும்பினால் கணக்கு அப்படியே இருக்கும் என்று கடைப் பெண் சொல்லியிருந்தாள். திறந்தேன். 'தைபேயில் என் மகள் எங்கே குடியிருக்கிறாள், யாருக்காவது தெரியுமா?' என்று ஒரே ஒரு வரி கேட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் நாற்பத்தொரு பதில். தெரு, மாடி, நீ வேலை முடிந்து வரும் நேரம், யாரோ அனுப்பிய உன் பால்கனிப் படம்கூட. நீ சொன்னதெல்லாம் உண்மை அம்மா. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி மூடிவிட்டேன். முதல் வேலையாகப் பூட்டை மாற்று. அந்தப் படத்தில் உன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது என் பழைய நீல மழைக்கோட்டு. தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அதை நீயே வைத்துக்கொள், நீ வந்தால் போதும்.