மன்றத்தின் மூன்றாவது பூட்டு

மதகுக்கு இரண்டு பூட்டு. ஒன்று மத்திய அரசுடையது, மற்றது ஊராட்சியுடையது. இருவரும் கைகோத்து வேலை செய்ய அமைத்த கூட்டு மன்றத்தின் முதல் தீர்மானமே அதுதான்.

வாய்க்கால் நிறையத் தண்ணீர். மதகுக்கு இந்தப் பக்கம் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. ஊராட்சித் தலைவர் ரெத்தினத்துக்கு, அப்பா கூலிக்கு நட்ட வயலில் தான் சொந்தமாக நடப்போகும் முதல் சம்பா. ஐந்து நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அவ்வளவுதான்.

திருத்துறைப்பூண்டியிலிருந்த மன்ற ஆபீஸுக்கு ஓடினார். "மேடம், உங்க சாவியைக் குடுங்க."

மன்றத்தில் மத்திய அரசின் ஆளான கமருன்னிஸா சிரித்தார். "நீங்க மட்டும் திறந்தா அது எப்படிங்க கூட்டு மன்றம்? ஒண்ணு செய்வோம். நம்பிக்கைக்கு என் சாவி உங்ககிட்ட இருக்கட்டும், உங்க சாவி என்கிட்ட இருக்கட்டும்."

மாற்றிக்கொண்டார்கள். கையில் இன்னமும் ஒரே சாவிதான் என்பது, பஸ் ஸ்டாண்டில்தான் ரெத்தினத்துக்கு உறைத்தது.

திரும்பி ஓடினார்.

"அப்ப ரெண்டு சாவியும் மன்றத்து பீரோவுல இருக்கட்டும். மன்றத்துக்குன்னு தனியா ஒரு பூட்டும் போட்டுடலாம்," என்றார் கமருன்னிஸா.

மதகில் மாட்டச் சொல்லிக் காவலர் வீரையனிடம் மூன்றாவது பூட்டு போயிற்று, அதன் சாவியும் பீரோவுக்குள். மன்றம் கூடினால்தான் பீரோ திறக்கும். கமருன்னிஸாவோ மூன்று நாள் பயிற்சிக்கென்று டெல்லிக்கு விமானமேறிவிட்டார்.

வெறுங்கையோடு ஊருக்குப் போக ரெத்தினத்துக்குக் கூச்சம். மைத்துனர் வீட்டில் தங்கி, பகலெல்லாம் ஆபீஸ் பெஞ்சில் காத்திருந்தார். மின்விசிறிக் காற்றில் கண் சொக்கும். வாய்க்கால் மெல்ல வந்து கணுக்காலை நனைக்கும். நாற்று பச்சையாக அசையும். விழித்தால் எதிரே சுண்ணாம்புச் சுவர்.

ஊரிலுள்ள மீரா உசேன் கடைக்குப் போன் போட்டு மனைவியைக் கூப்பிடச் சொன்னார்.

"நாத்து பச்சையாத்தாங்க இருக்கு, நீங்க கவலைப்படா..." என்றாள் அம்சம். லைன் அறுந்தது.

தனக்காகப் பொய் சொல்கிறாளே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தாம் நாள் கமருன்னிஸா திரும்பி வந்து மன்றம் கூடியது. மதகைத் திறக்கத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கைதட்டினார்கள். ரெத்தினம் கண்ணை மூடினார், சலசலவென்று தண்ணீர்.

"இந்தாங்க வீரையன், மூணு சாவி. போய்த் திறங்க," என்றார் கமருன்னிஸா.

வீரையன் தலையைச் சொறிந்தார். "மூணாவது பூட்டுக்குக் கொண்டி அடிச்சேனுங்க, முதல் அடியிலயே மதகோட பக்கச் சுவரு விழுந்துடுச்சு. நாலு நாளாத் தண்ணி வயலுக்குத்தான் போவுது. ஆனா பூட்டு மூணும் பத்திரமா இருக்குங்க."