மூன்று டிகிரி எதிர்மறை உயர்வு

கடலோரத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. பவளங்களைச் சூடு தாங்கப் பழக்குவது அதன் பணி. சிரிக்க வேண்டாம், உண்மையிலேயே அவசியமான பணி. பவளம் கல் இல்லை, உயிர். அதன் உடம்புக்குள் பாசி குடியிருக்கிறது. வாடகைக்குப் பதிலாகச் சமைத்துப் போடுகிறது. கடல் ரொம்பச் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும், பட்டினி நீடித்தால் செத்துவிடும். ஆனால் தொட்டியில் வைத்து, தினமும் சில மணி நேரம் சூடேற்றி, மறுபடி ஆறவிட்டுப் பழக்கினால் அடுத்த கோடையைச் சில பவளங்கள் தாங்கிக்கொள்ளும்.

இந்த ஆறவிடுகிற இடத்தில்தான் நிர்வாகம் தடுக்கி விழுந்தது.

தொட்டிக்குப் பொறுப்பு ஓர் ஆய்வாளரம்மா. கட்டைவிரல் உயரத்தில் நாற்பத்தெட்டுப் பவளத் துண்டுகளை ஆறு வருஷமாக, ஒவ்வொன்றுக்கும் அடியில் நம்பர் எழுதி வளர்த்து வந்தார். வெளியே கடலில் பவளத் திட்டு முழுக்கப் போன கோடையில் செத்துப்போயிருந்தது. இவற்றைப் பழக்கி அங்கே நட்டால்தான் மறுபடி மீன் வரும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்குப் பூட்டு உண்டு. அதன் சாவி கோப்புப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம். அவர் வேறு யாருமில்லை, ஆய்வாளரம்மாவின் வீட்டுக்காரர். ஆபீசில் 'மேடம்' என்பார், வீட்டில் 'இந்தாம்மா' என்பார்.

சூடேற்றுவதற்கான முதல் ஆணை ஒரு திங்கட்கிழமை வந்தது: "தொட்டி நீரின் வெப்பநிலையை மூன்று டிகிரி உயர்த்த இதன்மூலம் அனுமதி அளிக்கப்படுகிறது." கண்காணிப்பாளர் பெட்டியைத் திறந்தார், திருகினார், பூட்டினார், கையெழுத்துப் போட்டார். மூன்று மணி நேரம் கழித்து ஆய்வாளரம்மா போய் நின்றார்.

"போதும் சார், இறக்கிடுங்க."

"ஆணையைக் காட்டுங்க மேடம்."

"காலையிலதானே வந்துச்சு?"

"அது ஏத்துறதுக்கு. இறக்குறதுக்கு எங்கே?"

"ஏத்தினா இறக்கணும் சார். அதுதான் பயிற்சியே."

"விண்ணப்பத்துல அப்படி எழுதலையே நீங்க. அரசாங்கம் ஏத்தின எதை மேடம் இதுவரைக்கும் இறக்கியிருக்கு? ஒண்ணு சொல்லுங்க."

ஆய்வாளரம்மா விரல் விட்டு எண்ணப் பார்த்தார், ஒரு விரல்கூட மடங்கவில்லை. உங்களுக்கும் மடங்காது.

மறுநாள் கடையில் ஐஸ் வாங்கி வந்து தொட்டியில் கொட்டினார். மதியமே மெமோ வந்தது: "உரிய அனுமதியின்றி, ஐஸ் வாயிலாக மறைமுக இறக்கம் மேற்கொண்டது ஏன்?" கண்காணிப்பாளரே தட்டச்சு செய்திருந்தார். ஓர் ஒற்றுப் பிழைகூட இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பால் பொங்கி, மேடையில் ஓடி, தரையில் சொட்டியது. ஆய்வாளரம்மா பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தாம்மா, பால் பொங்குது பாரு! அடுப்பைக் குறை!"

"அடுப்பை ஏத்தச் சொன்னீங்க, ஏத்தினேன். குறைக்கச் சொல்லி எழுத்துல ஏதாவது இருக்கா?"

"விளையாடாத. இது வீடு."

"அதுங்களுக்கு அந்தத் தொட்டிதாங்க வீடு. பத்து நாள் இப்படியே விட்டா ஒண்ணும் மிஞ்சாது." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

கண்காணிப்பாளருக்கும் மனசு கேட்கவில்லை. கெட்டவர் இல்லை, ஓய்வு பெற எட்டு வருஷம் இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் லீவு போட்டுவிட்டு விதிப்புத்தகங்களைப் புரட்டினார். இறக்கத்துக்கு எங்குமே விதி இல்லை. ஆனால் உயர்வு பூஜ்ஜியத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்றும் எங்கும் சொல்லவில்லை. "மூன்று டிகிரி எதிர்மறை உயர்வுக்கு அனுமதி வேண்டி" என்று கோப்பு எழுதி மேலே அனுப்பினார்.

'எதிர்மறை' என்ற சொல் துறையின் நற்பெயருக்கு ஊறு விளைவிக்குமா என்று இயக்குநர் சட்டப் பிரிவைக் கேட்டார். சட்டப் பிரிவு, டிகிரி என்றால் என்ன என்று கேட்டது. ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது. கண்காணிப்பாளர் சாவியோடு ஓடினார். அவர் ஓடி அந்த ஆபீஸ் அதுவரை பார்த்ததில்லை.

நாற்பத்தைந்து வெளுத்திருந்தன. மூன்று மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் பழுப்பாக நின்றன.

"இன்னும் சாகலைங்க," என்றார் ஆய்வாளரம்மா. "ஒரு மாசம் தொந்தரவு பண்ணாம விட்டா பாதியாவது தேறிடும்."

அந்த நேரம் பார்த்து இயக்குநர் விருந்தினர்களோடு உள்ளே வந்தார்.

"அடடா! ஆறு வருஷமா அழுக்குப் பிடிச்சுக் கிடந்துச்சு. இப்பதான் பார்க்க லட்சணமா இருக்கு."

"சார், அது பட்டினியில வெளுத்தது சார்."

"பட்டினியிலயும் என்ன ஒரு பொலிவு பாருங்க!"

விருந்தினர்கள் கைதட்டினார்கள். நாற்பத்தைந்தும் வெளியே எடுக்கப்பட்டு, காயவைக்கப்பட்டு, மரப்பீடத்தில் ஒட்டப்பட்டு, நினைவுப் பரிசாக அவர்களுக்கே வழங்கப்பட்டன. இரண்டே மாதத்தில் ஊரெல்லாம் பவள வெள்ளைச் சுவர், பவள வெள்ளைப் புடவை, பவள வெள்ளைக் கார்.

"அந்த மூணும் ஏன் வெளுக்கல?" என்றார் இயக்குநர், அடுத்த தடவை தொட்டிப் பக்கம் வந்தபோது.

"அதுங்க சூட்டைத் தாங்கிடுச்சு சார். அதுக்குத்தான் சார் இந்த ஆபீஸே இருக்கு."

"ஒத்துழைக்கலைன்னு எழுதுங்க."

எழுதப்பட்டது. "நிர்ணயிக்கப்பட்ட தரத்துக்கு வெளுக்கத் தவறிய மூன்றையும் உடனடியாகக் கடலில் எறிந்து அறிக்கை சமர்ப்பிக்கவும்."

ஆய்வாளரம்மா அதை இரண்டு தரம் படித்தார். கடலில் சேர்க்க அனுமதி! ஆறு வருஷமாகக் கேட்டும் கிடைக்காத ஒன்று. கணவனும் மனைவியும் படகில் போனார்கள். வாளியை மடியில் வைத்துக்கொண்டு கண்காணிப்பாளர் வழியெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளரம்மா மூழ்கி, செத்த திட்டின் நடுவே மூன்றையும் பத்திரமாக நட்டுவிட்டு வந்தார். 'எறியப்பட்டன' என்று கண்காணிப்பாளர் அறிக்கை எழுதினார். அவருடைய சர்வீஸிலேயே முதல் பொய்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்த அம்மாதான். போன வாரம் ஒரு வேலையாக வந்தவர், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். சொல்லி முடித்து எழுந்தபோது டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கே இருந்ததை ஒரு விரலால் தொட்டார்.

"இது இருபத்தேழாம் நம்பர்," என்றார்.

அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அவர் போன பிறகு அதை எடுத்து எங்காவது உள்ளே வைத்துவிடலாம் என்று தூக்கினேன். அப்புறம் அங்கேயே வைத்துவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த இடத்துக்கு அது ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது.