அசைந்தால் எரியும் டியூப்லைட்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எங்கள் வீட்டு டியூப்லைட் விஷயத்தில் அந்த ஆண்டி நான்தான்.

மும்பை தாராவியில் ஜன்னல் இல்லாத எங்கள் ஒற்றை அறைக் கோலிக்குள் பகலிலும் விளக்கு வேண்டும். சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது. தட்டினால் எரிந்தது. இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். டிப்ளோமாவைப் பாதியில் விட்டுவிட்டு, அக்கம்பக்கத்து டிவியையும் மிக்சியையும் திறந்து திறந்தே எலெக்ட்ரானிக்ஸ் படித்த எனக்குத் தோன்றவில்லை. ஒரு மைக்ரோவேவ் சென்சாரை வாங்கி, நானே செய்த டைமர் சர்க்யூட்டோடு சேர்த்து, விளக்கில் மாட்டினேன். ஆள் அசைந்தால் எரியும். அரை நிமிஷம் அசைவில்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டி அணைந்துவிடும். (மைக்ரோவேவ் என்றதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏலே, இதுல சோறு வேகுமா?") இனி எதற்கு என்று சுவிட்சையும் பிடுங்கிப் போட்டேன்.

அந்த வாரம்தான் மும்பையின் இன்னொரு மூலையான சீத்தா கேம்பிலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் அப்பா, தாய்மாமன், கூடவே பெண் முத்துலட்சுமி. ஆபீஸில் கணக்கு பார்க்கிறவள். நேரில் பார்க்காமல் தலையாட்ட மாட்டேன் என்று அவளே கிளம்பி வந்திருந்தாள். எனக்கோ அதற்கு முன் வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டினால் ஊருக்கே போய்விடுவேன் என்று அம்மா மிரட்டியிருந்தாள்.

ஃபேன் சுற்றினால் அதையும் சென்சார் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் ஃபேனை நிறுத்திவைத்தேன். (மே மாதம்.)

அவர்கள் வாசலில் கால் வைத்ததும் விளக்கு தானாக எரிந்தது. தாய்மாமன் புருவத்தை உயர்த்தினார். பெண் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம். எங்கள் ஆட்களில், சம்பந்தம் பேசும்போது யார் முதலில் பேச்சை எடுக்கிறார்களோ அவர்கள் இறங்கிவந்ததாகக் கணக்கு. அவர்கள் சுவரைப் பார்க்க, நாங்கள் தரையைப் பார்க்க, ஒருவரும் அசையவில்லை. மரியாதைக்காக வேர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

விளக்கு அணைந்தது.

கரண்ட் போயிற்றா என்று பெண்ணின் அப்பா இருட்டில் கேட்பதற்குள் மறுபடி எரிந்தது. எங்களில் யாரும் அசையவில்லை. ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் செல்வியக்கா குக்கரை இறக்க எழுந்திருக்கிறாள். மைக்ரோவேவுக்கு ப்ளைவுட் ஒரு தடையே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் உட்கார்ந்ததும் திரும்ப இருட்டு. பதறி எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினேன். வெளிச்சம் வந்தபோது, போலீஸிடம் பிடிபட்ட செயின் திருடனைப் போல மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

இனி மறைக்க வழியில்லை. சென்சார், டைமர், அரை நிமிஷம் எல்லாவற்றையும் விளக்கினேன். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"அப்போ எம் மவ செத்த நேரம் சும்மா உக்காந்தா இருட்டுலதான் இருக்கணுமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பெருமையாக முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல பொம்பளைங்க சும்மா உக்காந்ததே கிடையாது அண்ணாச்சி."

அதற்குப் பிறகு ஒரு அமைதி வந்தது பாருங்கள், முன்னால் வந்ததெல்லாம் திருவிழாக் கூச்சல். விளக்கு அதன் கடமையைச் செய்தது.

இருட்டில் ஒரு சிரிப்பு கிளம்பியது. முத்துலட்சுமி. அவள் குலுங்கியதில்தான் திரும்ப வெளிச்சமே வந்தது.

"சுவிட்ச இருந்த எடத்துல வைக்கச் சொல்லுங்கப்பா" என்றாள், என்னைப் பார்க்காமல். "மத்தத அப்புறம் பேசலாம்."

அன்று சாயங்காலமே வைத்தேன். கல்யாணமும் நடந்தது.

இப்போதும் மாமனார் வீட்டு விருந்தில் வயிறு நிறைந்தால், நாற்காலியிலேயே கண்ணசந்துவிடுவேன். மாமனார் சத்தமில்லாமல் எழுந்துபோய் விளக்கை அணைத்துவிடுவார். உள்ளே மாப்பிள்ளை இருக்கிறாரே என்று மாமியார் பதறினால், அதற்கும் பதில் வைத்திருக்கிறார்.

"அசைவே இல்லையே, ஆளில்லன்னு நெனச்சேன்."