மிதப்பு அண்ணாச்சி

தாமிரபரணியில் இறங்கப் போகும் மனிதரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, அவர் எப்படி முங்குவார் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். முங்காமலிருக்க எதைக் கட்ட வேண்டும், உடம்பில் எந்த இடத்தில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பும் சொல்வார். அவருக்கு நீந்தத் தெரியாது. அது பாளையங்கோட்டை முழுவதும் அறிந்த விஷயம்.

ஐரோப்பாவில் சண்டை மூளுவதற்கு முந்தைய வருஷங்கள். ஒரு சர்க்கார் ஆபீஸில் அவரும் நானும் பக்கத்து மேஜைகளில் நகல் எழுதிக்கொண்டிருந்தோம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் காதில் விழும். மற்ற நாளெல்லாம் மிதப்பு அண்ணாச்சிதான். மிதப்பு என்றால் தண்ணீரில் ஆளைத் தூக்கி நிறுத்தும் பொருள். தலைக்கனத்துக்கும் எங்கள் பக்கத்தில் அதே சொல்தான். இந்த இரண்டாவது அர்த்தத்தை அண்ணாச்சி அடியோடு மறந்துபோயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீஸில் பாதிப்பேர் வண்ணாரப்பேட்டைப் படித்துறையில்தான் இருப்போம். அண்ணாச்சி ஒரு சாக்குப்பையோடு வருவார். உள்ளே காய்ந்த சுரைக்குடுவைகள், தக்கைபோல் லேசான நெட்டியைத் துணியில் வைத்துத் தைத்த சட்டை, இலவம்பஞ்சுத் திண்டு. ஒருமுறை எங்கள் குமாஸ்தா ஒருவர் குடுவையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கல்மண்டபத்தின் மேல் ஏறினார்.

"வே, குதிக்கவனுக்குக் குடுவை ஆகாது. நீரு கீழ போவும்போது அது மேல வரும். தாடையப் பேத்துரும். நெட்டிச் சட்டையப் போடும்."

"நீரு என்னைக்கு வே குதிச்சீரு?"

"நான் எதுக்குக் குதிக்கணும்? எனக்குத்தான் தெரியுமே."

குமாஸ்தா குதித்தார். அந்த வாரம் முழுவதும் கஞ்சி குடித்தார்.

அக்கரைக்குப் பந்தயம் போகிறவனுக்குக் கை வீச இடம் வேண்டும்; அக்குளில் எதையும் கட்டக் கூடாது. தோணிக்காரனுக்கு இலவம்பஞ்சுத் திண்டு. உட்கார்ந்தால் மெத்தை, கவிழ்ந்தால் மிதப்பு. பக்கத்துக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்த கடற்கரைக்காரர் ஒருவரைப் பிடித்து இப்படி ஒரு திண்டைக் கொடுத்தார்.

"கடல்லயே பொறந்தவனுக்கு இது என்னத்துக்கு அண்ணாச்சி?" என்றார் அவர்.

"பொறக்கும்போது கூட ஆள் இருந்திருக்கும்லா? முங்கும்போது யாரு இருப்பா?"

அடுத்த வாய்தாவுக்கு வந்த அந்த மனிதர், திண்டைத் தலைக்கு வைத்தால் தூக்கம் பிரமாதமாக வருகிறது என்று நன்றி சொன்னார். அண்ணாச்சி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இந்தச் சமயத்தில் எங்கள் சிரஸ்தாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆபீஸில் எங்களை வைப்பதும் எடுப்பதும் அவர் கையில். பெருத்த சரீரம். நீந்தினால் சரியாகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். சிரஸ்தார் அண்ணாச்சியைக் கூப்பிட்டனுப்பினார். அண்ணாச்சி அவரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"எசமானுக்கு இயற்கையாவே மிதப்பு ஜாஸ்தி."

ஆபீஸில் பேனாக்கள் நின்றன.

"என்ன வே சொன்னீரு?"

"மிதப்பு ஜாஸ்தின்னேன், எசமான். இந்த ஆபீஸ்லயே உங்களுக்குத்தான் ஜாஸ்தி. எல்லாருக்கும் தெரியும்."

நாங்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. சிரஸ்தாரின் முகம் சிவந்தது. நான் குறுக்கே விழுந்து, அண்ணாச்சி சொன்னது வயிற்றைப் பற்றித்தான் என்று விளக்கினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

கடைசியில் சிரஸ்தார் ஒரு வழி சொன்னார். குடுவைகளை முதுகில் கட்ட வேண்டும். மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொள்ளலாம். நெஞ்சில் கட்டிக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும். அதைச் செய்துகொடுத்தால் பேசிய பேச்சை மறந்துவிடுவார்.

"பேசினதுக்கு மன்னிப்புக் கேக்கேன், எசமான். கால்லயும் விழுதேன். ஆனா முதுகுல கெட்ட மாட்டேன். மூஞ்சி தண்ணிக்குள்ள போயிரும்."

"அப்போ திங்கக்கிழமை வேலைக்கு வராதேயும்."

அண்ணாச்சியின் வீட்டில் அவர் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிந்தது. "கெட்டித் தொலையும் வே, அவரு முங்கினா உமக்கென்ன?" என்று நான் வெளியே கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

ஞாயிறு காலையில் ஆபீஸ் சேவகன் வேறு எங்கோ வாங்கிவந்த குடுவைகளைச் சிரஸ்தாரின் முதுகில் கட்டினான். அவர் மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு கம்பீரமாகப் படியிறங்கினார். கழுத்தளவுத் தண்ணீரில் கால் நழுவியது. மறுகணம் துண்டு தனியே போயிற்று. குடுவைகள் மேலே, சிரஸ்தார் கீழே. குப்புறக் கிடந்து கைகளால் தண்ணீரை அடித்தார்.

நாங்கள் நீந்தத் தெரிந்தவர்கள் அத்தனைபேரும் படியில் நின்றோம். சிரிக்கலாமா, மேலதிகாரியைத் தொட்டுத் தூக்கலாமா, தூக்கினால் எங்கே பிடிப்பது என்று யாருக்கும் விளங்கவில்லை.

அதற்குள் ஒரு உருவம் எங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கியது. மோவாய்வரை தண்ணீரில் நின்று, சிரஸ்தாரின் குடுமியைக் கொத்தாகப் பிடித்து மல்லாக்கப் புரட்டி, அப்படியே கரைக்கு இழுத்து வந்தது. அண்ணாச்சிதான். பட்டப்பகலில், ஊர் பார்க்க, சிரஸ்தாரின் குடுமியில் கை வைத்த மனிதர் அந்த ஜில்லாவிலேயே வேறு யாரும் இருக்க முடியாது. இனி திங்கட்கிழமையைப் பற்றிப் பேச எதுவுமில்லை என்று நினைத்தோம்.

சிரஸ்தார் படியில் உட்கார்ந்து இருமித் தீர்த்தார்.

"திங்கக்கிழமை..." என்றார். மறுபடி இருமினார். "திங்கக்கிழமை வெள்ளன வாரும் வே. வேலை நெறயக் கெடக்கு."

"சரி, எசமான்."

சிரஸ்தார் அவரை உற்றுப் பார்த்தார். "அது சரி, உம்ம மிதப்பை எங்க வே?"

அண்ணாச்சி குனிந்து தம் வெற்று மார்பைப் பார்த்தார். சாக்குப்பை மேல்படியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. அப்போதுதான் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் படியைப் பற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சிரஸ்தார் சேவகனிடமிருந்து உலர்ந்த துண்டை வாங்கி, தாம் துவட்டிக்கொள்ளாமல் அவர் தோளில் போர்த்தினார்.

நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேரை நான் பிறகு பார்த்துவிட்டேன். அவ்வளவு வேகமாக ஆற்றில் இறங்கிய ஒருவரை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.